ஆவாரம்பூவும் அமுச்சியின் பக்குவமும்

பொங்கலுக்கு முந்தைய நாள் காப்புக் கட்டுவதற்காக வேப்பிலை, பூளைப்பூ ஆகியவற்றோடு ஆவாரம்பூவையும் பறித்து வருவது தாராபுரம் பக்கத்தில் எங்கள் வீட்டு வழக்கம். சிறு வயதில் அந்தச் செடியோடு எனக்கிருந்த உறவு அவ்வளவே. முகத்தில் பூசத் தொடங்கியது கல்லூரிக் காலத்தில். அதுவும் தவறான முறையில்.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய ஆவாரம்பூப் பொடியை, வேறெதுவும் சேர்க்காமல் தண்ணீரில் குழைத்து, நாள்தோறும் பூசி, முழுவதும் காய்ந்து வெடிக்கும் வரை விட்டுவிட்டுக் கழுவி வந்தேன். இரண்டாம் வாரத்தில் கன்னம் சொரசொரத்து, மூக்கோரம் தோல் உரியத் தொடங்கியது. விடுமுறைக்குச் சென்றபோது என் முகத்தைப் பார்த்த அமுச்சி (அம்மாவின் அம்மா), “அது தோல் ஊற வைக்கிற செடி, கண்ணு. காயவிட்டா இழுக்காம என்ன பண்ணும்?” என்றார். அவர் கேலி செய்கிறார் என்றே நினைத்தேன். ஆனால், ஆவாரம்பட்டையின் துவர்ப்பைக் கொண்டு ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பதனிடும் தொழில் தென்னாட்டில் நெடுங்காலம் நடந்தது என்பதைப் பின்னர் அறிந்தபோது, அவர் சொன்னதன் பொருள் விளங்கியது. பட்டையில் மிகுந்திருக்கும் துவர்ப்பு பூவிலும் ஓரளவு உண்டு.

அமுச்சியின் பக்குவத்தில் பூ துணைப்பொருள்தான். காலையில் பறித்த பூவை முறத்தில் பரப்பி நிழலில் உலர்த்துவார். வெயிலில் போட்டால் மஞ்சள் நிறம் வெளுத்துவிடும் என்பார். அதைப் போல மூன்று பங்கு பாசிப்பயறும், சிறிது கஸ்தூரி மஞ்சளும், ஒரு பிடி வெட்டிவேரும் சேர்த்து அரைத்துச் சலித்து, தயிரில் குழைத்துப் பூசி, ஈரம் வற்றும் முன்பே கழுவச் சொல்வார். வாரம் இருமுறைக்கு மேல் அனுமதியில்லை.

இப்படிப் பயன்படுத்தியதில் எண்ணெய் வழிவது குறைந்தது, கோடையில் வியர்வை நாற்றம் அடங்கியது. நிறம் மட்டும் மாறவேயில்லை. பொட்டலங்களில் அச்சிட்டிருக்கும் ‘பொன்னிற மேனி’ பூவின் நிறத்தைப் பார்த்து எழுதியதாகவே இருக்க வேண்டும்.

“ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ” என்னும் பழமொழியை நம்பி, என் தந்தையார் நீரிழிவுக்காகப் பூவைக் கொதிக்கவைத்துக் குடித்து வந்தார். மாத்திரையும் உட்கொள்வதால், இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்த பின் நிறுத்திக்கொண்டார். நான் பூச்சோடு நிறுத்திக்கொண்டேன். புதிதாக அரைத்த பொடியை முதலில் முழங்கை மடிப்பில் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோகிறேன்.