ஒகேனக்கல் நாலு வரி: அது செய்தியா, இடம் நிரப்பும் சரக்கா?

பாலக்கோட்டான்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார், "மக்களுக்கு எது முக்கியமோ அதைத்தான் பேப்பர்காரர்கள் செய்தியாகப் போடுகிறார்கள்" என்று. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எங்கள் தர்மபுரிப் பக்கம் போர்வெல் தண்ணீரில் புளோரைடு. எனக்கும் என் அண்ணனுக்கும் முன்பல்லில் பழுப்புப் பட்டை. குரூப் போட்டோ எடுத்த அன்றைக்குக்கூட வாயை மூடிக்கொண்டுதான் நின்றோம். இதை ஒரு நிருபரிடம் நேரிலேயே போய்ச் சொன்னேன். "இது பழைய விஷயம், புதுசா ஏதாவது நடந்தா சொல்லுங்க" என்றார். மறுநாள் அதே பேப்பரில் நாலு வரி: ஒகேனக்கல் நீர்வரத்து வினாடிக்கு 8,000 கனஅடியாக நீடிக்கிறது. முந்தின நாளும் 8,000தான். நீடிக்கிற தண்ணீர் செய்தி, நீடிக்கிற நோய் செய்தி இல்லையா?

பரிசல்துறை:
பேப்பர் மேல் கோபம் என்றால் பேப்பரைத் திட்டுங்கள், அந்த நாலு வரி மேல் கை வைக்காதீர்கள். என் அப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியவர். காலையில் டீக்கடையில் பேப்பரை வாங்கினால் முதலில் அதைத்தான் தேடுவார். தண்ணீர் ஏறினால் பரிசலுக்குத் தடை, அருவியில் குளிக்கத் தடை, அன்றைக்கு எங்கள் வீட்டில் காசு இல்லை. மீன் வறுக்கிற அக்கா எத்தனை கிலோ வாங்குவது என்பதும் அதை வைத்துத்தான், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பஸ் ஏறுவதும் அதை வைத்துத்தான்.

பாலக்கோட்டான்:
தடை போட்டால் செய்தி, சரி. தடை இல்லாத நாளில் அதே 8,000 எதற்கு?

பரிசல்துறை:
அதே 8,000 என்றால் இன்றைக்கும் பரிசல் ஓடும் என்று அர்த்தம். இது புரியாதவர் ஆற்றைப் பார்த்ததே இல்லை என்றுதான் நினைப்பேன். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளைத் திறந்தால் காவிரித் தண்ணீர் மாநில எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலு தாண்டி எங்களிடம் வந்துதான் மேட்டூருக்குப் போக வேண்டும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் வருடத்துக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கனஅடி) தர வேண்டும் என்று சொன்னதே, அதை அளப்பது எங்கே? அதே பிலிகுண்டுலுவில்தான். தஞ்சாவூரில் நாற்று விடுகிறவனுக்கும் அந்த நாலு வரி வேண்டும்.

தொப்பூர் மேடு:
நான் 11 வருடம் பகுதிநேர நிருபராக இருந்தவன், அதனால் சொல்கிறேன். எது செய்தி என்று நாங்கள் முடிவு செய்ததே இல்லை. சேலத்தில் பக்கம் கட்டுகிறவர் கேட்பது இரண்டே கேள்வி: எத்தனை பேர், படம் இருக்கா. ஒரு ராத்திரி தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தது. ஒருவர் இறந்தார் என்று போனில் சொன்னேன், "உள்பக்கம் நாலு வரி" என்றார். அரை மணி நேரம் கழித்து, ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு பேர் போய்விட்டார்கள் என்றதும் அதே ஆள் "முதல் பக்கம் வைக்கிறேன், படத்தைச் சீக்கிரம் அனுப்பு" என்றார். ரோடெல்லாம் உடைந்த கண்ணாடி, நான் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். கனஅடி தினமும் வருவதற்குக் காரணமும் பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் எண் வந்துவிடும், யாரும் மறுப்பு அனுப்ப மாட்டார்கள், விளம்பரம் வந்தால் வெட்டிவிடலாம்.

பரிசல்துறை:
அண்ணே, உங்கள் டெஸ்க்குக்கு அது வெட்டுகிற சரக்காக இருந்திருக்கலாம். நீங்கள் வெட்டிய நாட்களில் என் அப்பா 7 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் போய், தடை என்று தெரிந்து திரும்பி வந்திருக்கிறார். அதை எந்தப் பக்கத்தில் போட்டீர்கள்?

தொப்பூர் மேடு:
வெட்டியது நான் இல்லை. சொன்னதைச் சரியாகப் படியுங்கள் தம்பி.

பாலக்கோட்டான்:
2008ல் கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியதும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் முதல் பக்கத்துக்கு வந்தது. அது எதற்கான திட்டம்? எங்கள் புளோரைடுக்கான திட்டம், ரூ. 1,928 கோடி. இரண்டு மாநிலம் மோதிக்கொள்ளும் வரை எங்கள் பல்லும் முட்டியும் யாருக்கும் செய்தியாகத் தெரியவில்லை. வாச்சாத்தி மலைக்கிராமத்தில் 1992 ஜூன் 20ல் வனத்துறையும் போலீசும் புகுந்து பெண்களுக்குச் செய்த கொடுமைக்குத் தீர்ப்பு 2011ல் வந்தது. அன்றைக்குத் தர்மபுரி கோர்ட் வாசலில் எத்தனை கேமரா! நடுவில் இருந்த 19 வருடம் அந்தப் பெண்கள் வாய்தாவுக்கு அலைந்தார்களே, அது எத்தனை நாள் வந்தது?

தொப்பூர் மேடு:
வாச்சாத்தியில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. இதையெல்லாம் எழுதியது எங்களைப் போன்ற நிருபர்கள்தான். ஒரேயடியாகப் பேப்பரே மோசம் என்று பேசாதீர்கள்.

மாங்கூழ் கிருஷ்ணகிரி:
எல்லாம் தர்மபுரிக் கதையாகவே போகிறது. எங்கள் தோட்டத்து மாம்பழத்தைச் சேலத்து மாம்பழம் என்று எழுதுகிறார்களே, அதை ஒருத்தரும் கேட்பதில்லை. மாங்கூழ் ஆலைக்காரர்கள் விலையை இறக்கினால் மாங்காய் லோடுடன் டிராக்டரில் ராத்திரியெல்லாம் தூங்குகிறோம். கண்காட்சி நடந்தால் மட்டும் கலர் படம்.

பரிசல்துறை:
2004லேயே தனி மாவட்டம் வாங்கிக்கொண்டு போனீர்கள், இங்கே வந்து மாம்பழக் கணக்கு எதற்கு? பேச்சு கனஅடி பற்றி.

மாங்கூழ் கிருஷ்ணகிரி:
அந்தக் கூட்டுக்குடிநீர் எங்கள் மாவட்டத்துக்கும்தான் வருகிறது. பேச எனக்கும் உரிமை உண்டு. பேச்சை நீங்கள் மட்டும் குத்தகைக்கு எடுக்கவில்லை.

பரிசல்துறை:
குடிக்கிற தண்ணீர் எங்கள் ஆற்றிலிருந்து வருகிறது என்றால் அந்த ஆற்றில் எத்தனை கனஅடி என்று தெரிந்துகொள்வதில் உங்களுக்கு என்ன கஷ்டம்? அப்பாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. பரிசலை விட்டு 6 வருடம் ஆகிறது. இன்றைக்கும் காலையில் நான் அந்த நாலு வரியைப் படித்துக் காட்டினால்தான் டீயைக் கையில் வாங்குவார். அவரிடம் வந்து சொல்லுங்கள் இது செய்தி இல்லை என்று.

பாலக்கோட்டான்:
இன்றைக்கு எவ்வளவு போட்டிருந்தது?

பரிசல்துறை:
அதே 8,000.

பாலக்கோட்டான்:
முதலிலிருந்து நான் சொல்வது அதைத்தான்.

பரிசல்துறை:
நான் சொல்வதும் அதைத்தான். மேலே போய் இன்னொரு தடவை படியுங்கள்.