எயார் ரைபிள் திடீரெண்டு சிதறிச் சுடுது, ஸ்பிரிங் மாத்த வேணுமா?

உப்புவெளிக்காரன்:
4.5 மி.மீ. பிரேக் பரல் (குழலை மடிச்சு ஏத்துறது), ஸ்பிரிங் வகை, மரப்பிடி. 4 மடங்கு ஸ்கோப் பூட்டியிருக்கு. மாரி முடியுமட்டும் 10 மீற்றரில 5 குண்டும் ஒரு சென்ரிமீற்றருக்குள்ள விழுந்தது. கச்சான் காத்து தொடங்கின பிறகு அதே தூரத்தில 5 சென்ரிமீற்றருக்குச் சிதறுது. மேல, கீழ, இடம், வலம் எண்டு ஒரு ஒழுங்கும் இல்லை. குண்டு அதே ரின்தான். புகையோ கருகல் மணமோ இல்லை. வீடு கடலுக்குக் கிட்ட, பரலுக்க துரு பிடிச்சிட்டுதோ எண்டும் யோசனை. கடையில ஸ்பிரிங் களைச்சுப் போச்சு, மாத்துங்கோ எண்டு சொல்லினம். அதுக்கு முதல் வேற என்ன பாக்க வேணும்?

பட்டறைவாசி:
ஸ்பிரிங்குக்குக் காசைக் குடுத்திடாதேங்கோ தம்பி, கணக்கு இடிக்குது. குண்டு செக்கனுக்கு 240 மீற்றர் வேகத்தில போனா, காற்றுத் தடையை விட்டுப் பாத்தால், 10 மீற்றரில ஏறக்குறைய 8.5 மி.மீ. கீழ இறங்கும். ஸ்பிரிங் தளர்ந்து வேகம் 200க்கு விழுந்தாலும் இறக்கம் 12 மி.மீ.தான். வித்தியாசம் நாலு மி.மீ. கூட இல்லை, அதுவும் கீழ்ப்பக்கம் மட்டும். உங்களுக்கு நாலு திசையிலயும் 5 சென்ரிமீற்றர். 25 மீற்றரில சுட்டால் அதே வேகக் குறைவு 2.3 சென்ரிமீற்றராத் தெரியும், அங்க எண்டால் ஸ்பிரிங்கைச் சந்தேகப்படலாம். ஸ்பிரிங் உடைஞ்சால் பரலை மடிச்சு ஏத்தேக்க கறகறக்கும், ஏத்துறதும் லேசாப் போயிடும். அது ரெண்டும் இருக்கோ?

நீங்கள் சொன்னதில எனக்குப் பிடிபட்டது கச்சான்தான். ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை மரப்பிடி ஈரத்தைக் குடிச்சு ஊதும். பிறகு கச்சான் வறட்டுக் காத்துக்கு மரம் சுருங்க, ஸ்க்ரூத் தலைக்குக் கீழ இடைவெளி விழும். ஸ்க்ரூ தானாச் சுத்தாமலே இறுக்கம் போயிடும். ஸ்பிரிங் ரைபிள் ஒவ்வொரு வெடிக்கும் முன்னும் பின்னும் உதைக்கிற சாமான். இரும்பு மரத்துக்குள்ள அரை மி.மீ. ஆடினாலே போதும்.

முதல்ல பரலைத் திறந்து குண்டு இல்லை, ஏத்தியும் இல்லை எண்டு பாருங்கோ. முன்பிடியில ரெண்டு பக்கமும் இருக்கிற ஸ்க்ரூ, விசைக் காப்புக்கு முன்னால உள்ள பெரிய ஸ்க்ரூ, இந்த மூண்டும்தான் முக்கியம். தலைக்குச் சரியாப் பொருந்துற ஸ்க்ரூ ட்ரைவராப் பாவியுங்கோ, தலை தேஞ்சால் பிறகு பெரிய வில்லங்கம். கழட்டி, புரியில இருக்கிற எண்ணெயை ஸ்பிரிட்டால துடைச்சு, பல்லு வொஷர் போட்டு, புரி பூட்டுற நீலப் பசை ஒரு துளி விட்டு இறுக்குங்கோ. சிவப்புப் பசை வேண்டாம், சூடு காட்டாமல் கழட்டேலாது. கையால முட்டுமட்டும் இறுக்கி, அங்கால கால் சுத்து. இன்னும் முறுக்கினால் மரம் நசியும், அடுத்த மாரிக்கு வெடிக்கவும் கூடும். பசை காயுமட்டும் ஒரு இரவு விடுங்கோ.

கிண்ணியா நானா:
ஸ்க்ரூவோட ஸ்கோப்பையும் பாருங்க தம்பி. ரெண்டு பக்கமும் உதைக்கிறதால சாதாரண ஸ்கோப்புக்கு உள்ளுக்குள்ள இருக்கிற சின்ன ஸ்பிரிங் தளர்ந்து போகும், குறி பாக்கிற கோடு ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு இடத்தில நிக்கும். ஸ்கோப்பைப் பிடிக்கிற மவுண்டுக்குப் பின்னால, அது பூட்டியிருக்கிற தண்டவாளத்தில பென்சிலால ஒரு கோடு போட்டு, 10 குண்டு சுட்டுப் பாருங்க. மவுண்டு கோட்டை விட்டு நகர்ந்திருந்தா அது நகராம இருக்கப் பின்னால ஒரு நிப்பாட்டி பூட்டணும். மேல் குமிழைக் கடைசி வரைக்கும் திருகி வச்சிருந்தாலும் இந்தச் சீத்துவம்தான். எல்லாத்தையும் விட லேசான வழி, ஸ்கோப்பைக் கழட்டிட்டு ரைபிள்ல இருக்கிற இரும்புக் குறியால சுடுறது. அதில குண்டு ஒண்டாச் சேர்ந்தா குற்றவாளி ஸ்கோப். பரலை மேசை விளிம்பில வச்சுச் சுட வேணாம், துள்ளும். முன்பிடிக்குக் கீழ உள்ளங்கையை விரிச்சு, இறுக்கிப் பிடிக்காம சுடுங்க.

மூதூர்ப்பக்கம்:
துருவுக்கு ஸ்பிரே எண்ணெயை பரலுக்க அடிச்சு விட்டால் முடிஞ்சுது.

பட்டறைவாசி:
அது மட்டும் வேண்டாம்! எண்ணெய் காத்து வாற துளையால அமுக்க அறைக்குள்ள போனால் அடுத்த வெடியில பத்தும். புகையும் பெரிய சத்தமும் வரும், வேகம் கண்டபடி ஏறி இறங்கும், காத்தை அமுக்குற பிஸ்ரன்ர சீலும் கருகும். எண்ணெயைத் துணியில தொட்டு வெளிப்புறத்துக்குத் தடவுங்கோ. உப்புக் காத்துக்கு அது கட்டாயம், சுட்டு முடிச்சு உறையில போட முதல்.

உப்புவெளிக்காரன்:
கறகறப்பு இல்லை, ஏத்துற பாரமும் முந்தின மாதிரித்தான். முன்பிடி ஸ்க்ரூ ரெண்டும் விரலாலயே சுத்துது. வொஷர் போட்டு இறுக்கியாச்சு. இப்ப 5இல 4 ஒண்டரைச் சென்ரிமீற்றருக்குள்ள வருது, ஒண்டு மட்டும் 3 சென்ரிமீற்றர் விலகிப் பாயுது. நானா சொன்னபடி ஸ்கோப்பைக் கழட்டியும் பாத்தன், அதே கதை.

கிண்ணியா நானா:
அப்ப ஸ்கோப் தப்பிச்சிது, திரும்பப் பூட்டுங்க. பரல் மூடுற இடத்தையும் பாத்திடுங்க. மூடிட்டு முனையைப் பக்கவாட்டா லேசா அசைக்க, ஆட்டம் இருக்கக் கூடாது. பிறகு மூட்டுக்கு மேல ஒரு துண்டு றிசூ வச்சு, குண்டு போட்டுச் சுடுங்க. வெறுமனே சுட வேணாம், பிஸ்ரன் முட்டி உடையும். றிசூ துள்ளினா அங்கால காத்துப் போகுது, அந்த மூட்டில இருக்கிற ரப்பர் வளையத்தை மாத்துங்க.

பட்டறைவாசி:
ஒண்டு மட்டும் பாயுறது எண்டால் என்ர கை குண்டுக்குத்தான் போகும். ரின்னின்ர அடியில மிஞ்சினதைக் கண்ணாடித் துண்டில கொட்டி உருட்டுங்கோ. பாவாடை (குண்டின்ர விரிஞ்ச பின்பக்கம்) நெளிஞ்ச குண்டு சீரா உருளாது, தத்தித் தத்திப் போகும். வெள்ளைப் பொடி பூத்ததையும் தள்ளுங்கோ, அது ஈயத்தில ஈரம் செய்யிற வேலை. குண்டு தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சாப்பிட வேண்டாம். மிச்சத்தைப் பரலுக்க வைக்கேக்க பெருவிரலை நிதானமாக் கவனியுங்கோ. ஒண்டு தானா விழ, அடுத்தது அமத்த வேண்டி வந்தால் தலை அளவு கலந்திருக்கு. ரின்னில 4.50, 4.51 எண்டு அளவு அடிச்ச குண்டும் வருது, ரெண்டையும் வாங்கிப் பாக்கலாம்.

அடுத்தது பரல் வாய். பஞ்சை உருட்டி வாய் விளிம்பைச் சுத்தி மெல்லத் தடவுங்கோ. ஒரு இடத்தில நார் மாட்டினால் அங்க பிசிறு இருக்கு, அதைக் கடைசல்காரரிட்டக் குடுக்க வேணும், அரத்தால ராவ வேண்டாம்.

துரு பயத்துக்கு, தங்கூசியை (தூண்டில் நைலோன் நூலை) மடிச்சு வளையமாக்கி, பரலைத் திறந்து வாய்ப்பக்கத்தால விட்டு, குண்டு வைக்கிற பக்கத்தில பருத்தித் துணித் துண்டு கோத்து, வாய்ப்பக்கமா இழுங்கோ. சாம்பல் நிறம் வந்தால் ஈயம், செம்மஞ்சளா வந்தால்தான் துரு. துணி வெள்ளையா வருமட்டும் இழுத்தால் போதும், இரும்புக் கம்பி உள்ளுக்க போகவே கூடாது. துடைச்ச பரல் முதல் 10, 20 குண்டுக்கு அங்கயும் இங்கயும்தான் போடும், உள்ளுக்க திரும்ப ஈயம் படிய வேணும். அதுக்குப் பிறகு விழுற 5 குண்டை அளந்து இங்க போடுங்கோ.