மலை நூற்பட்டியலுக்கு அட்டவணை வேண்டுமா, கிரெப் போதாதா?

சோலைக்குருவி (கோத்தகிரி):
நீலகிரி, பழனிமலை பற்றி வந்த நூல்கள், கட்டுரைகளின் விவரங்களை ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் சேர்த்து வருகிறேன். சில ஆயிரம் பதிவுகள் ஆகிவிட்டன. பெல் லேப்ஸில் மைக் லெஸ்க் உருவாக்கிய 'ரெஃபர்' வடிவம்தான். சதவீதக் குறியோடு ஏ என்றால் ஆசிரியர், ஜே என்றால் இதழ், கே என்றால் குறிச்சொல். பதிவுகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி. ஆவணம் அச்சுக்கோக்கும் க்ரூஃப் பொதியில் வரும் இண்டெக்ஸ்பிப் இதற்குத் தேடல் அட்டவணை (இண்டெக்ஸ்) போட்டுக் கொடுக்கும். அப்புறம் லுக்பிப்பில் இரண்டு மூன்று சொற்களைத் தட்டினால், அத்தனையும் உள்ள பதிவு முழுசாக வந்து விழும். நெட் வேண்டாம், பழைய லேப்டாப்பே போதும். நூற்பட்டியல் மென்பொருளான ஸோட்டீரோவை விட்டு இதற்கு வந்தேன். கூட வேலை பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். இங்கே என்ன சொல்கிறீர்கள்?

முனையம்77 (குன்னூர்):
ஸோட்டீரோவை விட்டது சரி. அட்டவணை எதற்கு? சில ஆயிரம் பதிவுகள் என்றால் மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு எம்பி. கண்ணை மூடித் திறப்பதற்குள், சொல் உள்ள வரிகளைத் தேடித் தரும் கிரெப் கட்டளை படித்து முடித்துவிடும். லெஸ்க் இதைப் பற்றி எழுதியது 1978இல். அன்றைய கணினிக்கும் வட்டுக்கும் அட்டவணை அவசியம். இன்று ஃபைலில் ஒரு வரி திருத்தினாலும் மறுபடி இண்டெக்ஸ்பிப் ஓட்ட வேண்டும் என்பதுதான் மிச்சம்.

சோலைக்குருவி:
கிரெப் தருவது வரியை. எனக்கு வேண்டியது பதிவு. ஆசிரியர் பெயர் ஒரு வரியில், ஆண்டு வேறொரு வரியில் இருக்கும்போது இரண்டையும் சேர்த்து எப்படித் தேடுவீர்கள்?

இன்னொன்று, இண்டெக்ஸ்பிப் ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஆறு எழுத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். ரோமன் எழுத்தில் நீல்கிரி, நீல்கிரீஸ் இரண்டுக்கும் முதல் ஆறு ஒன்றே. ஒருமை, பன்மை என்று தனித்தனியாகத் தேட வேண்டியதில்லை.

முனையம்77:
டெக்ஸ்ட் ஃபைலைக் கையாளும் 'ஆக்' மொழியில், பதிவு எங்கே முடிகிறது என்று சொல்லும் ஆர்எஸ் மாறிக்கு வெற்றுச் சரம் கொடுங்கள். வெற்று வரிவரை உள்ளதெல்லாம் ஒரே பதிவாகிவிடும், எத்தனை சொல்லையும் சேர்த்துத் தேடலாம். ஒரே ஒரு வரி நிரல்.

அந்த ஆறு எழுத்துப் பெருமையைக் கொடைக்கானலில் வைத்துப் பாருங்கள். அங்குள்ள சூரிய ஆய்வகத்தின் வெளியீடுகளைத் தேட 'அப்சர்வேட்டரி' என்று தட்டினால், தலைப்பில் 'அப்சர்வேஷன்ஸ்' உள்ள கட்டுரையெல்லாம் வரிசை கட்டி வரும். ரோமனில் இரண்டுக்கும் முதல் ஆறு எழுத்து ஒன்றுதானே!

சோலைக்குருவி:
டி விருப்பத்தில் ஆறை ஒன்பதோ பத்தோ ஆக்கிக்கொள்ளலாம், மேனுவலில் இருக்கிறது.

பூம்பாறைப்பூண்டு (கொடைக்கானல்):
தம்பிகளா, இரண்டு பேரும் வேகத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எங்கள் மலையை முதலில் தேடிக் கண்டுபிடியுங்கள் பார்ப்போம். 1915 முதல் 1920 வரை வந்த ஃபைசனின் தாவர நூலின் தலைப்பில் அது 'புல்னி'. கே. எம். மாத்யூ 1999இல் கொண்டுவந்த நூலில் 'பால்னி'. இப்போது எழுதுகிறவர்கள் 'பழனி' என்கிறார்கள். ரோமனில் மூன்றும் மூன்று சொல். உங்கள் பக்கத்து 'நீல்கெரி'யும் அப்படித்தான். ஆறு எழுத்தும் உதவாது, 'ஆக்'கும் உதவாது. பதிவு போடும்போதே கே வரியில் ஒரே ஒரு ஊர்ப்பெயரை நிலையாக எழுத வேண்டும்.

தமிழ்த் தலைப்பு என்றால் இன்னும் மோசம். 'கொடைக்கானல்' என்பதில் முதலெழுத்தின் ஒகரக் குறி யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வரும், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் வரும். திரையில் வித்தியாசமே தெரியாது. ஒன்றைத் தட்டித் தேடினால் மற்றதைக் கிரெப் தொடவே தொடாது. 'கோத்தகிரி'க்கும் இதே கதிதான். பழைய ஃபான்டிலிருந்து மாற்றிய பட்டியல், ஸ்கேனிலிருந்து எடுத்த எழுத்து எதையும் அப்படியே ஒட்டாதீர்கள். எழுத்துக் குறியீட்டை மாற்றும் யூகான்வ் கட்டளை கொண்டு எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே குறியீட்டு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

முனையம்77:
யூகான்வ் ஒருமுறை ஓட்டினால் முடிந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயிரக்கணக்கான பதிவுகளில் கே வரியை யார் உட்கார்ந்து நிரப்புவது? புல்னி, பால்னி, பழனி மூன்றையும் பிடிக்கிற ரெகெக்ஸ் (தேடல் வடிவம்) ஒன்றை எழுதி வைத்துக்கொண்டால் மூலத்தைத் தொடவே வேண்டாம்.

பூம்பாறைப்பூண்டு:
அந்த ரெகெக்ஸ் உங்களிடம் இருக்கும். நாளைக்கு இந்தப் பட்டியலை வாங்கிக்கொள்ளும் கல்லூரிப் பெண்ணிடம் இருக்குமா?

ஏட்டுச்சுவடி (உதகை):
இவ்வளவு சண்டை தேவையா? எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எஃப்டிஎஸ்5 என்ற முழுஉரைத் தேடல் இருக்கிறது. கட்டளை வரிதான், பொருத்தமான பதிவை மேலே வரிசைப்படுத்தியும் தரும்.

பூம்பாறைப்பூண்டு:
நல்ல கருவி, ஆனால் அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள் ஐயா. அதன் வழக்கமான சொல்பிரிப்பான் எழுத்தையும் எண்ணையும்தான் சொல்லின் பகுதியாக மதிக்கும். நம் கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் எழுத்தல்ல, 'குறி' வகை. அந்த இடத்திலெல்லாம் சொல்லை வெட்டிவிடும். கொடைக்கானல் க, ட, க, க, னல என்று உதிர்ந்துபோகும். 'காடு' என்று தேடிப் பாருங்கள், க, ட இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் கொடைக்கானலும் வந்து நிற்கும். அட்டவணை உண்டாக்கும்போதே 'கேட்டகரீஸ்' விருப்பத்தில் குறி வகைகளையும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்.

ஏட்டுச்சுவடி:
காட்டைத் தேடினால் கொடைக்கானல் வருவது ஒருவகையில் சரிதானே! சும்மா சொன்னேன். மாற்றிப் பார்க்கிறேன்.

சோலைக்குருவி:
பூண்டு அண்ணா, அப்படியானால் இண்டெக்ஸ்பிப் தமிழை எப்படிக் கையாளும்?

பூம்பாறைப்பூண்டு:
நம்பி ஒப்படைக்காதே. க்ரூஃப், மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 குறியீட்டுக் காலத்துப் பிள்ளை, யூடிஎஃப்-8 யூனிகோடு எழுத்தை அதன் துணைநிரல் ப்ரீகான்வ் மாற்றிக் கொடுத்தால்தான் அதற்குப் புரியும். தமிழ்த் தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். கே வரியில் ஆசிரியர் பெயர், ஊர், பொருள் மூன்றையும் ரோமனில் எழுது.

சோலைக்குருவி:
சரி, அப்படியே செய்கிறேன். ஆனாலும் லுக்பிப்பை விடுவதாக இல்லை. கட்டுரை எழுதும்போது நடுவில் இரண்டு குறிச்சொல்லை அடைப்பில் போட்டால் ரெஃபர் நிரல் அதே அட்டவணையைப் பார்த்து முழு மேற்கோளை இட்டு நிரப்பிவிடுகிறது. கிரெப்பால் அது ஆகாது. 'மேக்' கட்டளை படிக்கும் மேக்ஃபைலில் யூகான்வ் முதலில், இண்டெக்ஸ்பிப் அடுத்து என்று இரண்டு வரி எழுதிவிட்டால், திருத்தியபின் 'மேக்' என்று தட்டினால் போதும்.

முனையம்77:
கிரெப்புக்கு மேக்ஃபைலே வேண்டாம் என்பதை மட்டும் பதிவு செய்து வைக்கிறேன். நீங்கள் ட்ராஃபில் (க்ரூஃப் அதன் ஒரு வடிவம்தான்) கட்டுரை எழுதுகிறவர் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை தட்டச்சு மிச்சமாகியிருக்கும்.