புதுப்பிப்பு: எப்காட் உணவுத் திருவிழா, போய் வந்தாயிற்று

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: ஆர்லாண்டோவில் உள்ள டிஸ்னியின் எப்காட் பூங்காவில் நடக்கும் உணவு, ஒயின் திருவிழாவுக்குச் சனிக்கிழமை போகலாமா, சைவம் சாப்பிடும் அம்மாவுக்கு ஏதாவது கிடைக்குமா என்று. பலரும் வார நாளில் போகச் சொன்னீர்கள். செவ்வாய்க்கிழமை போனோம். ரொம்ப நன்றி.

ஏரியைச் சுற்றி மெக்சிகோ தொடங்கி கனடா வரை 11 நாடுகளின் அரங்குகள், நடை மட்டும் சுமார் 2 கிலோமீட்டர். எல்லாரும் மெக்சிகோ பக்கம் திரும்ப, நாங்கள் கனடாவில் தொடங்கினோம். மதியம் வரை வரிசை சுலபமாக நகர்ந்தது. மாலையில் நல்ல கூட்டம்தான்.

கனடாவின் செடார் சீஸ் சூப் கெட்டியாக, காரசாரமில்லாமல், தொண்டைக்கு இதமாக இருந்தது. ஆனால் அதில் பன்றி இறைச்சியும் பீரும் சேர்ப்பார்கள். சைவக்காரர்கள் கேட்காமல் வாங்க வேண்டாம்.

அம்மாவுக்குப் பிடித்தது நார்வே பேக்கரியின் ஸ்கூல் பிரெட். பிட்டதுமே ஏலக்காய் வாசனை. நடுவில் மஞ்சள் கஸ்டர்டு, மேலே சர்க்கரைப் பூச்சில் வறுத்த தேங்காய்த் துருவல். "நம்ம வீட்டுப் பலகார வாசனை அடிக்குதே" என்று அம்மா ஆச்சரியப்பட்டுப்போனார். அந்த முகத்தைப் பார்க்கவே இன்னொரு முறை போகலாம்.

எல்லாமே சின்னத் தட்டுதான், ஆளுக்கு ஒன்று வாங்காமல் இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். அப்புறம், தண்ணீர்ப் புட்டியை மறக்காதீர்கள், புளோரிடா வெயில் சும்மா விடாது. மொராக்கோ பக்கம் போக நேரமில்லை, அங்கே சைவத்துக்கு என்ன நன்றாக இருக்கும்?