உடலை ஊருக்கு அனுப்புவது: தேதி சொல்லும் முன்

அன்புள்ள சொந்தங்களே, வணக்கம்.

வெளிநாட்டில் நம்மவர் ஒருவர் தவறிவிட்டார் என்று தெரிந்ததும் வீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி, "எப்போ கொண்டு வருவீங்க?" என்பதுதான். பக்கத்தில் இருக்கும் நண்பரால் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "ரெண்டு மூணு நாள்ல வந்துரும், கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிடுகிறார். அந்த வார்த்தையை நம்பி அங்கே உறவுக்கெல்லாம் தகவல் சொல்லி, அடக்கத்துக்கு நேரமும் குறித்துவிடுகிறார்கள். நாள் தள்ளிப்போனால் அந்த வீடு இன்னொரு முறை இடிந்துபோகிறது. மறுபடியும் தள்ளிப்போனால், ஏதோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகமும் வந்து சேர்கிறது. அதனால் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: விமானத்தில் இடம் உறுதியாகி ஏர்வே பில் (விமானச் சரக்குச் சீட்டு) எண் கைக்கு வரும்வரை யாரும் தேதி சொல்லாதீர்கள். வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை மட்டும் தினமும் சொல்லுங்கள். "இறப்புப் பதிவு முடிந்தது, நாளைக்குத் தூதரகம் போகிறோம்" என்றால் போதும். உண்மை தெரிந்தால் வீட்டில் இருப்பவர்கள் தாங்கிக்கொள்வார்கள்.

தேதி யார் கையில் இருக்கிறது என்பது, இறப்பு எப்படி நேர்ந்தது என்பதில்தான் தொடங்குகிறது. மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்து இறந்தவர் என்றால், பார்த்துவந்த மருத்துவரே காரணத்தை எழுதிக் கொடுத்துவிடுவார்; பதிவு சீக்கிரம் நடக்கும். விபத்து, வேலையிடத்தில் நேர்ந்த மரணம், அறையில் தனியாக இறந்து கிடந்தது, தற்கொலையோ என்ற ஐயம் ஆகியவற்றில் காவல்துறை வந்துவிடும், பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையும் உண்டு. "உடம்பை அறுக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்று வீட்டிலிருந்து கெஞ்சுவார்கள். பல நாடுகளில் அதை முடிவு செய்வது சட்டம். குடும்பத்தின் சம்மதத்தைக் கேட்க மாட்டார்கள். இதை மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் காப்பீட்டுக்கும் இழப்பீட்டுக்கும் அந்த அறிக்கைதான் ஆதாரமாக நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முழு அறிக்கை வர வெகுநாள் ஆகலாம். உடலை விடுவிக்க அதுவரை காத்திருக்க வேண்டியிருப்பது அபூர்வம்.

தூதரகத்துக்குத் தகவல் தானாகப் போய்விடும் என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். தன் மண்ணில் வெளிநாட்டவர் ஒருவர் இறந்தது தெரியவந்தால், அவர் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்கு, இறப்பு நடந்த நாட்டின் அதிகாரிகள் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்று 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 37ஆவது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் அந்தக் கடிதம் மேசை மேசையாக நகர்ந்து வரும். நீங்களே அழைத்துச் சொன்னால் கோப்பு அன்றைக்கே திறக்கும்.

காகிதங்களில் எனக்கு எப்போதும் பயம் தருவது பெயர்தான். மருத்துவமனை ஏட்டில் தந்தை பெயர் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் பின்னால் இருக்கும். சேர்க்கும்போது யாரோ வாய்மொழியாகச் சொன்னதை வைத்து ஓர் எழுத்து கூடியிருக்கும். அந்தப் பிழை இறப்புச் சான்றிதழில் ஏறிவிட்டால், அதைப் பார்த்து எழுதப்படும் எம்பாமிங் (உடலைப் பதப்படுத்துதல்) சான்றிதழ், உடலை அனுப்பத் தடையில்லை என்று தூதரகம் தரும் தடையின்மைச் சான்று, ஏர்வே பில் எல்லாவற்றிலும் ஏறிவிடும். இல்லையென்றால் ஒன்றில் சரியாகவும் ஒன்றில் தவறாகவும் இருந்து, சரக்கு முனையத்தில் பெட்டி நின்றுவிடும். ஆகவே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள். பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தூதரகம் பாஸ்போர்ட்டை ரத்து செய்வதற்கு முன்பே எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்துவிடுங்கள். இறப்புச் சான்றிதழில் அசல் பிரதிகள் பல வாங்கிவையுங்கள். வங்கி, காப்பீடு, ஓய்வூதியம், சொத்து என்று ஆளாளுக்கு அசல் கேட்பார்கள்; ஊரில் இருந்துகொண்டு இன்னொரு பிரதி வாங்குவது குடும்பத்துக்குப் பெரும்பாடு.

இதற்கெல்லாம் கையெழுத்துப் போடும் உரிமை நண்பர்களுக்குக் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர் என்று சட்டப்படி நெருங்கியவரிடமிருந்து, இன்னார் எங்கள் சார்பில் செய்யலாம் என்று எழுத்தில் வேண்டும். குடும்பத்துக்குள் மனத்தாங்கல் இருந்தால் அது வெளியே வருவதும் இந்த இடத்தில்தான். அதில் நாம் தலையிடக் கூடாது. அவர்கள் ஒரு முடிவுக்கு வரும்வரை காத்திருப்பதே சரி.

எம்பாமிங் என்பது ஃபார்மலின் கலந்த திரவத்தைத் தமனி வழியாகச் செலுத்தி உடல் கெடுவதைத் தடுப்பது. பிரேதப் பரிசோதனை நடந்த உடலில் ரத்தக் குழாய்கள் அறுபட்டிருப்பதால் பல இடங்களில் தனித்தனியாகச் செலுத்த வேண்டும். அதற்கு நேரமும் கூடும். பெட்டிக்கும் விதி உண்டு. ஐரோப்பிய மன்றத்தின் 1973ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் ஒப்பந்தம், குறைந்தது 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரப்பெட்டிக்குள், கவனமாகப் பற்றவைத்து மூடிய துத்தநாகப் பெட்டி என்று ஒரு வகையைக் குறிப்பிடுகிறது. அந்த ஒப்பந்தத்தில் சேராத நாடுகளிலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் கேட்கிறார்கள். உடலோடு புதைக்கவோ எரிக்கவோ போகும் பொருள்களைத் தவிர வேறு எதையும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. நகை, கைப்பேசி, பணம் எல்லாவற்றையும் தனியாகப் பட்டியல் எழுதி, சாட்சியோடு ஒப்படையுங்கள்.

முகம் பார்க்க முடியுமா என்று நிச்சயம் கேட்பார்கள். எம்பாமிங் செய்தவரிடம் ஒளிவுமறைவில்லாமல் கேளுங்கள். அவர் சொன்னதைக் குடும்பத்தில் திடமான ஒருவரிடம் பெட்டி போய்ச் சேருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தோலின் நிறம் மாறியிருக்கும், சில வேளை முகம் உப்பியிருக்கும். வாசலில் வைத்துத் திறந்தபிறகு தெரிந்துகொள்வது மிகக் கொடுமை. பிணவறைப் படங்களை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அப்புறம் விமானம். உடல் சரக்காகவே போகிறது. எல்லா விமானத்திலும் எல்லா வழித்தடத்திலும் ஏற்ற மாட்டார்கள்; சிறிய விமானத்தின் சரக்குக் கதவுக்குள் பெட்டி நுழையாமலும் போகலாம். நடுவில் விமானம் மாற வேண்டியிருந்தால், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததும் தவறும். நான் தேதி சொல்லாதீர்கள் என்பதற்கு இதுவும் காரணம். போய்ச் சேரும் இடத்தில் குடும்பம் பயணிகள் வெளியே வரும் வாசலில் நின்று தவித்துக்கொண்டிருக்கும்; பெட்டி வருவதோ சரக்கு முனையத்தில், அதுவும் சுங்க வேலை முடிந்தபிறகு. ஏர்வே பில்லில் பெறுபவர் என்று யார் பெயர் இருக்கிறதோ, அவரே அடையாள அட்டையோடு போக வேண்டும். அந்தப் பெயரை எழுதும்போது, அலுவலகங்களில் நின்று பேசத் தெரிந்த ஒருவராகப் பார்த்து எழுதுங்கள். இறந்தவரின் மனைவியை அந்த முனையத்தில் மணிக்கணக்கில் நிற்க வைக்காதீர்கள்.

உடலை அனுப்பியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அங்கேயே அடக்கம் செய்வதையோ, தகன வசதி உள்ள நாடாக இருந்தால் எரித்து அஸ்தியை அனுப்புவதையோ குடும்பம் விரும்பலாம். அஸ்திக்கு இறப்புச் சான்றிதழ், தகனச் சான்றிதழ், எக்ஸ்ரேயில் உள்ளே தெரியக்கூடிய பாத்திரம் இருந்தால் பல விமான நிறுவனங்கள் கையிலேயே கொண்டுபோக விடுகின்றன. ஆனால் மரணத்தில் சந்தேகம் இருந்தால் எரிப்பதற்கு ஒப்புக்கொள்ள அவசரப்பட வேண்டாம். எரித்தபின் மறுபரிசோதனைக்கு வழியே இல்லை. மூன்று வழிகளையும் செலவையும் சொல்லி, முடிவை அவர்களிடமே விடுங்கள்.

வேலைக்குப் போன இடத்தில் இறந்தவர் என்றால் இன்னொன்று. உடலை அனுப்புவதற்கான கையெழுத்தோடு, இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று ஒரு தாளையும் சிலர் நீட்டுவார்கள். அந்த இரண்டாவது தாளில், சம்பளமும் பணிக்கொடையும் இழப்பீடும் கணக்குப் பார்க்கும் முன் குடும்பம் கையெழுத்திடவே கூடாது.

இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் தம் பாஸ்போர்ட் நகல், காப்பீட்டுத் தாள், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் எண் ஆகியவற்றை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். காப்பீட்டில் உடலைத் தாய்நாட்டுக்கு அனுப்பும் செலவு அடங்குமா என்றும் பாருங்கள். நம் காலம் முடிந்தால் எங்கே, எப்படி என்பதையும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டில் இப்படி ஓர் அழைப்பு வந்தால் மருத்துவமனைக்கும் தூதரகத்துக்கும் கூடப் போக முடிந்தவர்கள், இந்த மடலுக்குப் பதிலாக உங்கள் பெயரை எனக்குத் தனியாக எழுதுங்கள்.

அன்புடன்.