மேலூர் வீட்டார் குழு: ஞாயிற்றுக்கிழமைச் சண்டை

ஞாயிறு, காலை 8.10

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். அடுத்த ஞாயிறு குலதெய்வத்துக்குப் பொங்கல். சனிக்கிழமை மாலைக்குள் எல்லோரும் மேலூர் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். யார் எதைக் கொண்டுவருகிறீர்கள் என்று இன்றே எழுதுங்கள். வழக்கம்போல் முழுத் தமிழில் எழுதவும். அரைகுறையாக எழுதினால் நீக்கிவிடுவேன்.

அக்கா: பெரிய வெண்கலப் பானை என்னிடம்தான் இருக்கிறது. கொண்டுவருகிறேன், பெரியப்பா.

மதினி: தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை எங்கள் பொறுப்பு.

பாப்பா: நான் பிளேஸ்டேஷனைக் கொண்டுவருகிறேன்.

அக்கா: அதில் பொங்கல் பொங்காது.

பாப்பா: சனிக்கிழமை இரவு எல்லோரும் சும்மாதானே இருப்போம், அம்மா. ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் விளையாட்டின் ஏழாம் பாகத்தை இரண்டாவது முறையாக முடித்துவிட்டேன். பெரிய மாமாவுக்குக் காட்ட வேண்டும். அந்த வரிசையில் பயம் என்றால் அதுதான்.

அண்ணன்: நல்ல விளையாட்டாக இருக்கலாம், பாப்பா. ஆனால் அது ரெசிடென்ட் ஈவில் இல்லை.

நான்: தொடங்கிவிட்டது. பெரியப்பா, தேங்காய்க் கணக்கை இப்போதே முடித்துவிடுங்கள். இனி இடம் கிடைக்காது.

பெரியப்பா: அந்தப் பெயருக்கு என்ன பொருள்?

நான்: குடியிருக்கும் கேடு என்று சொல்லலாம். ஜப்பானில் அதற்குப் பயோஹசார்ட் என்று பெயர். அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு உரிமை வாங்குவது கடினம் என்பதால் மாற்றினார்கள்.

பெரியப்பா: கேடு குடிபுகுந்த வீடு. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. தொடருங்கள்.

காலை 8.40

அண்ணன்: 1996இல் முதல் பாகம் வந்தது. ஒரு மாளிகைக்குள் நடக்கிற கதை. அதில் கேமரா சுவரில் ஆணியடித்து மாட்டியது போல ஒரே இடத்தில் நிற்கும். நீ நடந்தால் கூடவே வராது. அறையின் மறுபக்கம் போனதும் படம் சட்டென்று வேறு கோணத்துக்கு மாறும். வளைவுக்கு அப்பால் யாரோ காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. போகலாமா, திரும்பிவிடலாமா, துப்பாக்கியில் எத்தனை தோட்டா மிச்சம் என்று நின்று கணக்குப் போட வேண்டும். கணக்குப் போடுகிற அந்த நேரம்தான் விளையாட்டு. ஏழாம் பாகத்தில் கேமரா உன் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு என்ன பயம்?

பாப்பா: முதல் பாகத்தின் மெருகேற்றிய பதிப்பு 2015இல் வந்தது, அதை நானும் ஆடிப் பார்த்தேன், மாமா. ஆள் லாரி திரும்புவது போலத் திரும்புகிறார். நின்ற இடத்திலேயே சுற்றி, பிறகு முன்னே போகிறார். அதற்குள் நம்மைக் கடித்துவிடுகிறார்கள்.

அண்ணன்: கோணம் அடிக்கடி மாறுகிற விளையாட்டு. கேமரா எங்கே இருந்தாலும் மேல் பொத்தானை அழுத்தினால் ஆள் தன் முகம் பார்த்த திசையில் போக வேண்டும். அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

பாப்பா: அந்தப் பதிப்பில் இன்னோர் இயக்குமுறையும் இருக்கிறது. நான் அதற்கு மாற்றிக்கொண்டேன்.

அண்ணன்: மாற்றிக்கொண்டாயா? பணியாரச் சட்டியில் தோசை ஊற்றிவிட்டு முறுகலாக வரவில்லை என்கிறாய்.

நான்: பாப்பாவுக்கு ஓர் உண்மை தெரிய வேண்டும். அப்போது சிம்மக்கல்லில் ஒரு மாடிப்படிக்கு அடியில் வீடியோ விளையாட்டுக் கடை. மணிக்குப் பத்து ரூபாய். அங்கே மெமரி கார்டு கிடையாது. ஆகவே எத்தனை நாள் போனாலும் ஆட்டம் முதலிலிருந்துதான் தொடங்கும். உன் பெரிய மாமா ஒரு கோடை விடுமுறை முழுவதும் அந்த முதல் ஒரு மணி நேரத்தையே ஆடினார். தாழ்வாரத்தில் எந்தச் சன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாயும் என்பது எங்களுக்கு மனப்பாடம். மாளிகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது பல வருடம் தெரியாது.

அண்ணன்: பிறகு முடித்தேன்.

நான்: வழியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு. என் கையெழுத்தில்.

அண்ணன்: தம்பி, நீ யார் பக்கம்?

நான்: காகிதத்தின் பக்கம்.

பெரியப்பா: மெமரி கார்டு இல்லாவிட்டால் என்ன குறை?

அண்ணன்: விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, பெரியப்பா. விளையாட்டுக்குள்ளே அங்கங்கே தட்டச்சு இயந்திரம் இருக்கும். அதில் ரிப்பன் போட்டால்தான் அதுவரை ஆடியது பதிவாகும். ரிப்பன் எண்ணிக்கையில் கொஞ்சம்தான் கிடைக்கும். கண்டபடி செலவழித்தால் தீர்ந்துவிடும். பையும் சிறியது: ஜில், கிறிஸ் என்று இரண்டு பாத்திரங்களில் ஜில்லாக ஆடினால் எட்டு இடம், கிறிஸாக ஆடினால் ஆறு இடம். சாவியை எடுத்தால் மருந்துச் செடிக்கு இடமில்லை, மருந்தை எடுத்தால் தோட்டாவுக்கு இடமில்லை.

பெரியப்பா: நல்ல ஏற்பாடு. நான் தட்டச்சு லோயர் தேர்வுக்குப் படித்தபோது ஒரே ரிப்பனைத் திருப்பித் திருப்பிப் போட்டு ஓட்டினோம். சிக்கனம் தெரியாத பிள்ளைகளுக்கு இதைப் பாடமாகவே வைக்கலாம்.

அக்கா: பெரியப்பா, நீங்களுமா?

காலை 9.25

செல்லூர் மச்சான்: இப்போதுதான் பார்த்தேன். அத்தான் வழக்கம்போல் 1996இலேயே நிற்கிறார். நான்காம் பாகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லையே?

அண்ணன்: வா, மாப்பிள்ளை. வரிசையைக் கெடுத்ததே அதுதான்.

செல்லூர் மச்சான்: கெடுத்ததா? 2005இல் கேமராவைத் தூக்கி நாயகனின் தோளுக்குப் பின்னால் வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு எத்தனை விளையாட்டுகள் அதே இடத்தில் கேமராவை வைத்தன! கியர்ஸ் ஆஃப் வார், டெட் ஸ்பேஸ் எல்லாம் அந்த வழியில் வந்தவைதாம். அதோடு, நான்காம் பாகத்தை இயக்கியவரும் முதல் பாகத்தை இயக்கிய ஷின்ஜி மிகாமியே. வெளியாள் வந்து கெடுத்தார் என்று சொல்ல முடியாது.

அண்ணன்: கட்டியவரே இடித்தால் அது இடிப்பது ஆகாதா?

செல்லூர் மச்சான்: குறி வைக்கும்போது நகர முடியாது, அத்தான். ஊர் முழுக்கக் கோடாலியும் கவைக்கம்புமாகச் சூழ்ந்து வருகிறது, ஒருவன் தலையில் சாக்குப் பையை மாட்டிக்கொண்டு மரம் அறுக்கும் இயந்திரத்தோடு வருகிறான், நீங்கள் நின்ற இடத்தில் நின்று சுட வேண்டும். எனக்கு அந்த வயதில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மதினி: இறங்காமல் இருந்ததா? அந்த வாரம் அம்மா சுட்ட பணியாரம் முழுவதையும் தின்றது யார்?

செல்லூர் மச்சான்: அக்கா, இது பொதுக் குழு.

நான்: ஒரு தகவல். நான்காம் பாகத்தைப் பல முறை தொடங்கிப் பல முறை கலைத்தார்கள். அப்படித் தொடங்கிய ஒன்று இந்த வரிசைக்குப் பொருந்தாமல் போய், டெவில் மே க்ரை என்ற தனி விளையாட்டாக 2001இல் வெளிவந்தது. ஆக, மாற வேண்டுமா என்கிற சண்டை விளையாட்டைச் செய்தவர்களுக்குள்ளேயே நடந்திருக்கிறது.

அண்ணன்: ஐந்தையும் ஆறையும் பற்றி மாப்பிள்ளை என்ன சொல்கிறார்?

செல்லூர் மச்சான்: ஐந்தைக் கூட்டாளியோடு ஆடினால் பொழுது போகும்.

அண்ணன்: நாயகன் எரிமலைக்குள் நின்று பாறையைக் கைமுட்டியால் குத்திப் புரட்டுகிறான். அதைப் பார்த்து யாருக்காவது பயம் வந்ததா?

செல்லூர் மச்சான்: பாறைக்கு வந்திருக்கும். சரி, ஆறாம் பாகத்துக்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அழகர் ஆற்றில் இறங்கும்போது ஒவ்வொரு வருடமும் எந்த நிறப் பட்டு என்றுதானே ஊரே காத்திருக்கிறது? பட்டு மாறினாலும் அழகர் அழகர்தானே?

அண்ணன்: பட்டு மாறலாம். குதிரையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தால் நீ கும்பிடுவாயா?

பெரியப்பா: சாமியை இந்தப் பேச்சுக்குள் இழுக்க வேண்டாம். இரண்டு பேரும்.

செல்லூர் மச்சான்: மன்னிக்கவும், மாமா.

அக்கா: கரும்பு யார் வாங்குவது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

காலை 10.05

பாப்பா: நான் குளித்துவிட்டு வருவதற்குள் நாற்பது செய்தியா? பெரிய மாமா, ஒன்று கேட்கிறேன். உங்களுக்குப் பிடித்தது கேமராவா, மாளிகையா?

அண்ணன்: இரண்டும் ஒன்றுதான்.

பாப்பா: இல்லை, மாமா. ஐந்திலும் ஆறிலும் காணாமல் போனது அந்த வீடுதான். 2017இல் ஏழாம் பாகம் அந்த வீட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. லூசியானாவில் ஒரு குடும்பத்தின் பழைய வீடு. பூட்டிய கதவுகள். ஒவ்வொரு சாவியிலும் ஒரு விலங்கின் சின்னம். பையில் இடம் போதாது, மிச்சத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அச்சமில்லாத ஓர் அறை, அதற்கென்று ஓர் இசை. வீட்டுக்காரரைச் சுட்டாலும் எழுந்து வருகிறார். சுவரை உடைத்துக்கொண்டே வருகிறார். கடினமான நிலையில் ஆடினால், பதிவு செய்ய ஒலிநாடா வேண்டும். அதுவும் எண்ணிக்கையில்தான் கிடைக்கும். உங்கள் ரிப்பனேதான்.

நான்: பாப்பா சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பாகத்தையே தொடக்கத்தில் கண்ணால் பார்க்கிற கோணத்தில்தான் செய்து பார்த்தார்கள்.

அண்ணன்: செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள் அல்லவா? அதுதான் என் கட்சி.

நான்: பயம் போதவில்லை என்று கைவிடவில்லை. அன்றைய பிளேஸ்டேஷனில் அவர்கள் நினைத்த தரம் வரவில்லை. பின்னணியை முன்கூட்டியே படமாக வரைந்து வைத்தால் மாளிகை அழகாக வரும். ஆனால் படம் அசையாது, ஆகவே கேமராவும் அசையாது. நீங்கள் கொண்டாடுகிற கோணம், வசதி போதாமல் வந்த கோணம். அதனால் அதன் அருமை குறையவில்லை என்பது வேறு. கதவு மெல்லத் திறக்கிற அந்தக் காட்சிகூட, அடுத்த அறை ஏறும்வரை நம்மை நிறுத்தி வைக்கத்தான். நமக்கு அதிலேயே நெஞ்சு அடித்துக்கொண்டது.

பாப்பா: 2021இல் வந்த எட்டாம் பாகமான வில்லேஜில் பொம்மைக்காரி வீடு ஒன்று இருக்கிறது. அங்கே போனதும் ஆயுதம் எல்லாம் போய்விடும். ஒரு தோட்டாகூடக் கிடையாது. இருட்டில் ஒன்று அழுதுகொண்டே தேடி வரும். கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்ள வேண்டும். கேமரா என் கண்ணுக்குள்தான் இருந்தது. திருப்பிப் பார்க்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

அண்ணன்: சாவியில் விலங்கின் சின்னம் என்றாயே, அது நிஜமா? எங்கள் காலத்தில் வாள், கவசம், கேடயம், தலைக்கவசம் என்று இருக்கும்.

பாப்பா: தேள், காகம், பாம்பு. மாமா, நீங்கள் ஏழாம் பாகத்தை ஆடியிருக்கிறீர்கள் அல்லவா?

காலை 10.31

பாப்பா: மாமா?

நான்: இரண்டு நீலக் குறி விழுந்துவிட்டது. படித்துவிட்டார்.

செல்லூர் மச்சான்: அத்தான்?

மதினி: நான் சொல்கிறேன். நாங்கள் சிம்மக்கல் வீட்டுக்குக் குடிவந்த புதிதில் உங்கள் மாமா அந்த டிஸ்க்கை வாங்கி வந்தார். இரவு பத்தரைக்கு உட்கார்ந்தார். பதினொன்றே காலுக்கு அணைத்துவிட்டு வந்து படுத்தார். கூடத்து விளக்கை ஏன் அணைக்கவில்லை என்று கேட்டேன், கொசு என்றார். விளக்கு எரிந்தால் கொசு போய்விடுமா? மறுநாள் அந்த டிஸ்க் பீரோவின் மேல்தட்டுக்குப் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

பாப்பா: அத்தை!!!

செல்லூர் மச்சான்: முக்கால் மணி நேரம். சிம்மக்கல் கடையில்கூட ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தாரே.

அண்ணன்: அன்றைக்கு வேலை அதிகம். தலைவலி. அது ரெசிடென்ட் ஈவில் போலவே இல்லை என்பதால்தான் நிறுத்தினேன்.

நான்: எது வரைக்கும் போனீர்கள், அண்ணா?

அண்ணன்: மனைவியைத் தேடி அடித்தளத்துக்குப் போகிறான். கண்டுபிடிக்கிறான். பிறகு அவள்

அண்ணன்: பிறகு நிறுத்திவிட்டேன்.

பாப்பா: மாமா, அது தொடக்கம். வீட்டுக்காரக் குடும்பத்தை நீங்கள் பார்க்கவே இல்லை. அந்தச் சாப்பாட்டு மேசை வரவே இல்லை.

அண்ணன்: சாப்பாட்டு மேசையில் என்ன?

பாப்பா: சொல்ல மாட்டேன்.

பெரியப்பா: ஆக, முழுக்கப் படிக்காத நூலுக்கு மதிப்புரை எழுதியிருக்கிறாய். என் வகுப்பில் இதற்குத் தனி மதிப்பெண் உண்டு.

அண்ணன்: பாப்பா மட்டும் முதல் பாகத்தை முடித்தாளா? இயக்குமுறையை மாற்றிக்கொண்டு, பிறகு?

பாப்பா: இல்லை. ரிப்பனை வீணாக்கிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் ஆடியது போய்விட்டது. அன்றைக்கு அழுதேன். பேய்க்கு அழவில்லை, நேரத்துக்கு அழுதேன்.

அண்ணன்: பார்த்தாயா? அதுதான் பயம்.

பாப்பா: அது எரிச்சல், மாமா.

அண்ணன்: எரிச்சலாக முடியலாம். அடுத்த முறை கதவைத் திறக்கும்போது கை நின்றதா இல்லையா?

பாப்பா: நின்றது.

முற்பகல் 11.15

மதினி: போதும். சனிக்கிழமை இரவு மேலூரில் உங்கள் மாமா ஏழாம் பாகத்தைச் சாப்பாட்டு மேசை தாண்டும்வரை ஆட வேண்டும், கூடத்து விளக்கை அணைத்துவிட்டு. பாப்பா முதல் பாகத்தை அந்த லாரி திரும்புகிற முறையிலேயே ஆட வேண்டும். மூன்று ரிப்பனுக்கு மேல் கிடையாது.

செல்லூர் மச்சான்: நான்காம் பாகம்?

மதினி: நீ கரும்பு வாங்கி வா.

நான்: புதிதாக வந்த ஒன்பதாம் பாகமான ரெக்வியத்தில் கண் கோணம், தோள் கோணம் இரண்டில் எது வேண்டுமோ தேர்ந்துகொள்ளலாம். நிறுவனமே இரண்டு கட்சிக்கும் இலை போட்டுவிட்டது.

அண்ணன்: சுவரில் மாட்டிய கேமராவுக்கு இலை போடவில்லையே.

பெரியப்பா: மேலூர் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு மின்செருகி. மிக்சிக்கும் அதுதான். ஜங்ஷன் பெட்டி யாராவது கொண்டுவரவும். எந்த ஊர் விளையாட்டாக இருந்தாலும் பதினொரு மணிக்கு அணைத்துவிடுவேன். காலை நான்கு மணிக்குப் புறப்பட வேண்டும்.

நான்: ஜங்ஷன் பெட்டி என் பொறுப்பு.

அக்கா: கற்பூரம், நெய், முந்திரி யாரும் எழுதவில்லை. நானே வாங்கிவிடுகிறேன். கணக்கு அங்கே வந்து.

இரவு 11.48

அண்ணன்: பாப்பா, விழித்திருக்கிறாயா? அந்த வீட்டில் ஒளிநாடா ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். அதைப் பார்த்த பிறகு எங்கே போக வேண்டும்?

பாப்பா: மாமா! பீரோ மேலிருந்து இறக்கிவிட்டீர்களா? நாடாவில் காட்டுகிற அதே வழிதான். கணப்படுப்புக்குள் பாருங்கள்.

அண்ணன்: பார்த்தேன். திறந்தது. கீழே இருட்டாக இருக்கிறது.

பாப்பா: போங்கள்.

அண்ணன்: கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

இரவு 11.56

மதினி: கூடத்து விளக்கு ஏன் எரிகிறது?

அண்ணன்: கொசு.