15 ஆண்டுகள் கட்டிய கட்டடம்

கேள்வி (அடையாறு வாசி): மகளைப் பார்க்கப் போனபோது அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டரில் சயின்டாலஜி என்ற மத அமைப்பின் ‘ஃபிளாக்’ கட்டடத்தைப் பார்த்தேன். 1998இல் தொடங்கி 2013 நவம்பரில்தான் திறந்தார்களாம். பணமுள்ள அமைப்புக்கு ஏன் இத்தனை காலம்?

மேற்பார்வையாளர்: ஐயா, 31 வருடம் கட்டட வேலை பார்த்தவன் நான். வெளியே கூடு எழும்பியதும் முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். உள்வேலைதான் ஆளைத் தின்னும். அங்கும் அப்படித்தான், ஆண்டுக்கணக்கில் பாதியில் நின்றது. நகர நிர்வாகம் நாளொன்றுக்கு 250 டாலர் அபராதம் போட்டது. 3,77,000 சதுர அடி, சும்மாவா? ஆனால் வேலையைப் பாதியில் விடுவது பாவம். வேளச்சேரியில் நான் பார்த்த கோயில் மண்டபம் எட்டு மாதம் நின்றது. நீட்டிக்கொண்டிருந்த கம்பியைத் தொட்டால் துரு செதில் செதிலாக உள்ளங்கையில் உதிரும். கம்பித் தூரிகையால் தேய்த்த பிறகே கான்கிரீட் போட விட்டேன்.

மயிலாப்பூர்க்காரி: அந்தக் கட்டடத்துக்கென்றே உறுப்பினர்களிடம் பல ஆண்டுகள் நன்கொடை திரட்டினார்கள். கொடுத்தவர்களை நினைத்தால்தான் மனம் பதைக்கிறது. எங்கள் தெருக் கோயிலில் 101 ரூபாய் கொடுத்தவர் பெயர்கூடப் பலகையில் இருக்கிறது.

அடையாறு வாசி: அந்த மண்டபம் இப்போது எப்படி, ஐயா?

மேற்பார்வையாளர்: 2015 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தூணில் ஒரு விரிசல் இல்லை.